ஆணிக் கழுத்து: சில குறிப்புகள்

பல் மருத்துவ முதுநிலை ஆய்வேடுகளில் ஒரு படம் தவறாமல் வருகிறது. அகார் தட்டு, அதன் நடுவில் கிருமிக்கொல்லிப் பூச்சு பூசிய டைட்டானியம் வில்லை, வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம். வட்டத்துக்கு வெளியே பாக்டீரியா மங்கலாகப் படர்ந்திருக்கும். மாணவர் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து பட்டியல் போட்டிருப்பார். வட்டம் பெரிதென்றால் பூச்சு நல்லது. வழிகாட்டி தலையாட்டுவார், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரும் ரயிலுக்கு நேரமாகிறது என்று தலையாட்டிவிடுவார்.

அந்த வட்டம் சொல்வது ஒன்றுதான்: பூச்சிலிருந்து மருந்து கசிகிறது. கசிவது ஒருநாள் தீரும். எப்போது தீரும் என்பதைத் தட்டு சொல்லாது, மறுநாளே அதை ஆட்டோகிளேவில் போட்டு அழித்துவிடுகிறோம். மேலே வந்து தொட்ட கிருமியை மட்டும் கொல்கிற பூச்சுகள் இருக்கின்றன. அவை வட்டமே காட்டாது. அதற்காக அவற்றை 'பயனற்றவை' என்று முடிவு கட்டிய ஆய்வேடும் உண்டு.

*

"சொந்தப் பல்லுன்னா சொத்தை விழும், புரியுது. இது உலோகம்தானே தம்பி? இதுல எங்கேருந்து சீழ் வருது?"

கேட்டவர் ஓர் அம்மாள். கீழ்க்கடைவாயில் டைட்டானிய இம்பிளான்ட் போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. நோயாளிகள் அதை ஆணி என்கிறார்கள்; நானும் அப்படியே எழுதிவிடுகிறேன். வலி இல்லை, ஆட்டம் இல்லை, பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது, அவ்வளவுதான். துழாவியை ஈறுக்கும் ஆணிக்கும் நடுவில் விட்டால், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. எடுத்ததும் ரத்தம், அதன் பின்னால் ஒரு துளி மஞ்சள். எக்ஸ்ரேயில் மேல்புறத்து மூன்று புரிகளைச் சுற்றி எலும்பு இல்லை. அதற்குக் கீழே எலும்பு இறுகப் பிடித்திருந்தது. ஆட்டம் இல்லாததற்குக் காரணம் அதுதான். அவர் இத்தனை நாள் வராமல் இருந்ததற்கும் அதுதான்.

கேள்வி நியாயமானது. டைட்டானியம் அழுகாது. சுற்றியிருப்பது அழுகும்.

*

சொந்தப் பல்லின் வேருக்குள் ஈறின் நார்கள் குறுக்காகப் புதைந்து ஊன்றியிருக்கும். கிருமி கீழே இறங்க வேண்டுமானால் அவற்றை அறுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். டைட்டானியத்துக்குள் எந்த நாரும் புதையாது. ஆணியின் கழுத்தைச் சுற்றி நார்கள் வளையமாகவும் நெடுக்காகவும் ஓடும், தொட்டுக்கொண்டிருக்கும், பிடித்திருக்காது. ரத்த ஓட்டமும் அங்கே குறைவு. பாதி எலும்புக்குள், பாதி வெளியே என்று வாழ்நாள் முழுக்க நிற்க உடம்பு அனுமதித்தது பல்லை மட்டும்தான். அதற்கே இவ்வளவு காவல் வைத்தது. நாம் காவல் இல்லாமல் இன்னொன்றை நட்டிருக்கிறோம்.

ஆணியைச் சுற்றி ஈறு மட்டும் வீங்கி ரத்தம் கசிவது ஒரு கட்டம், எலும்பும் கரைவது அடுத்த கட்டம். 2015இல் டெர்க்ஸ், டொமாசி இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஆணி போட்டவர்களில் முதல் கட்டத்தில் இருப்பவர்கள் சராசரியாக 43 சதவீதம், இரண்டாம் கட்டத்தில் 22 சதவீதம் என்று வந்தது. இரண்டாவது எண்ணின் வீச்சு 1 முதல் 47 வரை! எத்தனை மில்லிமீட்டர் எலும்பு கரைந்தால் நோய் என்பதில் ஆளுக்கொரு வரையறை வைத்திருந்ததுதான் முக்கியக் காரணம். 2017இல்தான் உலக அளவில் ஒரு பொது வரையறைக்கு வந்தார்கள். விளம்பரத் தாளில் ஆணி நிறுவனம் எந்த எண்ணைப் போடும் என்று சொல்லத் தேவையில்லை.

*

1987இல் அந்தோணி கிறிஸ்டினா என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். உடம்புக்குள் வைக்கும் எந்தப் பொருளின் பரப்பிலும் இடம் பிடிக்க இரண்டு தரப்பு முந்துகிறது என்பது அவர் வாதம்: உடம்பின் செல்கள் ஒரு பக்கம், பாக்டீரியா ஒரு பக்கம். பண்டிகை நாளில் ஜன்னல் வழியே துண்டு போட்டு பஸ்ஸில் இடம் பிடிக்கிற கதைதான். முதலில் போட்டவனை எழுப்ப முடியாது.

இந்தத் துறையின் எல்லாப் பூச்சுகளும் அந்தக் கட்டுரையின் பேரப்பிள்ளைகள். ஆனால் வாய்க்கு அது அரைகுறையாகத்தான் பொருந்துகிறது. இடுப்பு மூட்டை வைத்துத் தைத்து மூடிவிட்டால் போட்டி சில வாரங்களில் முடிந்துவிடும். ஆணியின் அடிப்பகுதிக்கும் அப்படியே. எலும்பு ஒட்டிவிட்டால் அங்கே கதை முடிந்தது. கழுத்தில் போட்டி முடிவதே இல்லை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் புது ஆட்கள் ஏறுகிறார்கள்.

*

ஒட்டும் வரிசை ஏறக்குறைய ஒழுங்கானது. வாய்க்குள் போன சில நிமிஷங்களில் உமிழ்நீரின் புரதங்கள் பரப்பின் மேல் மெல்லிய தோலாகப் படிந்துவிடும். அதன்மேல் முதலில் குடியேறுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், கொஞ்சம் ஆக்டினோமைசிஸ். பிறகு ஃபுசோபாக்டீரியம் என்ற நீளக் கோல்கள் வருகின்றன. முன்னே வந்தவர்களையும் பின்னே வருபவர்களையும் இணைப்பது அவைதான். கடைசியில் காற்று ஆகாத முரடர்கள்: போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸும் அதன் கூட்டாளிகளும். எலும்பைக் கரைக்கிற வீக்கத்தைத் தூண்டுவதில் பெரும்பங்கு இவர்களுடையது.

இதில் எனக்கு உறுத்துவது அந்த முதல் படி. எவ்வளவு செலவழித்துப் பூசிய பூச்சானாலும் கிருமி தொடுவது பூச்சை அல்ல. அதன்மேல் படிந்த எச்சில் புரதத்தை. தொட்டால் கொல்லும் பூச்சுக்கு இது பெரிய அடி. செத்தவையும் எங்கும் போவதில்லை. ஒட்டின இடத்திலேயே கிடக்கும். அடுத்த கிருமி அந்தப் பிணத்தின்மேல் சொகுசாக உட்காரும்.

*

லேவன்ஹுக் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி. 1683இல் தன் பல்லிலிருந்து சுரண்டிய வெள்ளை மாவைச் சொந்தமாகச் செய்த லென்ஸில் பார்த்து, உயிருள்ள சிறு பிராணிகள் துள்ளுகின்றன என்று லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அவர் செய்த இன்னொரு சோதனையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. வினிகரால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி சுரண்டிப் பார்த்தார். வெளிப்பக்கத்தில் இருந்தவை செத்திருந்தன. படிவத்தின் உள்ளே இருந்தவை உயிரோடு இருந்தன. அதே மாவைத் தண்ணீரில் கலைத்துவிட்டு வினிகர் ஊற்றினால் உடனே செத்தன.

கிருமிகள் ஒன்றாகப் படிந்து உருவாக்கும் உயிர்ப்படலத்துக்குள் மருந்து எளிதில் செல்லாது என்று இன்று எழுதப்படும் கட்டுரைகளுக்கெல்லாம் இவர்தான் முன்னோடி. தனித்து மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவைவிட நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்து ஊற்றினாலும் படலத்துக்குள் இருப்பது பிழைத்துக்கொள்ளும்.

*

'99.9 சதவீதம் கிருமிகளை அழிக்கிறது.' கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து லட்சத்தில் 99.9 சதவீதம் போனால் மிச்சம் ஆயிரம். அரை மணிக்கொரு தடவை இரட்டித்தால் பத்தாவது இரட்டிப்பில் மறுபடி பத்து லட்சம். ஐந்து மணி நேரம். வாய்க்குள் அவ்வளவு வேகம் இருக்காது. ஓரிரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்ஓ 22196 என்ற சோதனை முறையில்தான் பெரும்பாலும் இந்த எண் கிடைக்கிறது. பிளாஸ்டிக் போன்ற நுண்துளையற்ற பரப்புகளுக்காக வகுத்த முறை அது. தட்டையான துண்டு, அதன்மேல் ஒரு சொட்டுக் கிருமிக் கரைசல், மேலே மெல்லிய பிலிம் போட்டு மூடி, 35 டிகிரியில் 24 மணி நேரம். குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடிக்கு இது போதும். எச்சில் இல்லை, ரத்தம் இல்லை, புரி இல்லை, ஒரே இனக் கிருமி. மனித வாய்களில் இதுவரை ஏறத்தாழ 700 இனங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

*

வெள்ளி.

எல்லாரும் முதலில் ஓடுவது வெள்ளியிடம்தான். பழைய நம்பிக்கை என்று ஒதுக்கவும் முடியாது: 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கிரெடே என்ற பேறுகால மருத்துவர் பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டு எத்தனையோ பேரின் பார்வையைக் காப்பாற்றினார். வெள்ளி அயனி கிருமியின் நொதிகளில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. பல வழிகளில் தாக்குவதால் எதிர்ப்பு உருவாவது மெதுவாகத்தான் நடக்கும். நடக்கவே நடக்காது என்றில்லை.

சிக்கல் என்னவென்றால் கந்தகம் நம் செல்களிலும் இருக்கிறது. அளவு கொஞ்சம் கூடினால் எலும்பு கட்டும் செல்லும் சாகும். கொஞ்சம் குறைந்தால் எச்சிலின் குளோரைடும் புரதங்களும் அயனியைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். நடுவில் உள்ள சந்து குறுகலானது. நல்ல ஆய்வுகள் அந்தச் சந்தின் அகலத்தைத்தான் அளக்கின்றன, மற்றவை வட்டத்தை.

நிறமும் ஒரு பிரச்சினை. பழைய அமால்கம் அடைப்பின் துகள் ஈறுக்குள் புகுந்தால் நீலம் கலந்த சாம்பல் தழும்பு நிலைத்துவிடும். அதற்குக் காரணம் அதிலுள்ள வெள்ளி. முன்பல்லில் அப்படி ஒரு நிழல் தெரிந்தால், கிருமி இல்லை என்று சொல்லி நோயாளியைச் சமாதானப்படுத்த முடியாது.

*

எலும்பு மருத்துவர்கள் நம்மைவிட முன்னே போய்விட்டார்கள். எலும்புப் புற்றுநோய்க்கு வைக்கிற பெரிய செயற்கை மூட்டுகளில் வெள்ளிப் பூச்சு ஐரோப்பாவில் புழக்கத்தில் இருக்கிறது. ஜப்பானில் கனசாவாவில் சுசியாவின் குழு டைட்டானியத்தின் மேல் அயோடினை ஏற்றி நோயாளிகளுக்கே வைத்தது. முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்புக்குள் செருகும் கம்பிக்கு ஜென்டமைசின் பூச்சு வந்தது.

அங்கே தேவைப்படும் காலம் சில வாரங்கள். காயம் மூடும் வரை காவல் இருந்தால் போதும். ஆன்டிபயாட்டிக் பூச்சின் குணமும் அதற்கு ஒத்துப்போகிறது: முதல் சில மணி நேரத்தில் பெரும்பகுதி கொட்டிவிடும், பிறகு வால் போல நீளும். வாயில் அந்த வால்தான் ஆபத்து. கொல்லப் போதாத அளவு மருந்து மாதக்கணக்கில் கசிந்தால் அது எதிர்ப்புள்ள கிருமிகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் பயிற்சிக்கூடம். ஆணியில் ஆன்டிபயாட்டிக் பூசுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மாத்திரைச் சீட்டு எழுதுவதிலேயே நம் கை போதுமான அளவு தாராளம்.

*

சில்வண்டின் இறக்கை. 2012இல் ஆஸ்திரேலியாவில் எலினா இவானோவாவின் குழு காட்டியது: ஒருவகைச் சில்வண்டின் இறக்கைப் பரப்பில் சுமார் 200 நானோமீட்டர் உயர முனைகள் நெருக்கமாக நிற்கின்றன, மேலே உட்காரும் சூடோமோனாஸ் பாக்டீரியாவின் சவ்வு அவற்றின் இடையே தொய்ந்து, இழுபட்டு, சில நிமிஷங்களில் கிழிகிறது. மருந்தே இல்லை. மறு ஆண்டு தட்டானின் இறக்கையையும், அதை ஒத்த கறுப்புச் சிலிக்கானையும் எடுத்துக்கொண்டார்கள். உடனே உலகம் முழுக்க டைட்டானியத்தில் முள் வளர்க்க ஆரம்பித்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த யோசனை இதுதான். தீர்ந்துபோக எதுவும் இல்லை, எதிர்ப்பு வளர வழி குறைவு. ஆனால் சில்வண்டு இறக்கை கொன்றது சவ்வு தளர்ந்த கிராம் நெகட்டிவ் கிருமிகளை. தடித்த சுவர் கொண்ட கிராம் பாசிட்டிவ் உருண்டைகள் தப்பித்தன. வாயில் முதலில் வந்து இடம் பிடிப்பவை அந்த உருண்டைகளே. தட்டானின் இறக்கையும் கறுப்புச் சிலிக்கானும் அவற்றையும் கொன்றன என்பது ஆறுதல். ஆனால் தட்டானுக்கு எச்சில் ஊறுவதில்லை.

*

ஆணி நிறுவனங்கள் பல வருஷமாக உழைத்தது வேறு திசையில். எலும்பு வேகமாக ஒட்ட வேண்டும் என்று பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். மணல் பீச்சி, அமிலத்தில் அரித்து, ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் மேடு பள்ளம். எலும்பு ஒட்டுவதில் அது மெய்யாகவே நல்ல முன்னேற்றம். ஈரம் விரும்பும்படி தயாரித்து உப்புநீர்க் குப்பியில் அடைத்து வரும் ஆணி ஒன்றைத் துளையின் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் புரி ரத்தத்தைத் தொட்டதுமே சிவப்பு புரி புரியாக மேலே ஏறும். சுற்றத் தொடங்கும் முன்பே ஆணி பாதி சிவந்துவிடும்.

அதே சொரசொரப்பு, எலும்பு கரைந்து வாய்க்குள் தலைகாட்டும் நாளில், கிருமிக்கு ஒளிய இடம் கொடுக்கும். கழுத்தின் மேடு பள்ளம் 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே இருந்தால் போதும், அதற்கும் கீழே வழவழப்பாக்கினாலும் அழுக்குப் படிவது மேலும் குறையாது என்று பெல்ஜியத்தில் குயிரினெனும் அவர் சகாக்களும் 1990களிலேயே காட்டினார்கள். ஆக, அடியில் சொரசொரப்பு, கழுத்தில் வழவழப்பு. பூச்சே இல்லாத இந்த எளிய ஏற்பாடு எத்தனையோ பூச்சுகளைவிட அதிகம் சாதித்திருக்கிறது என்பது என் எண்ணம்.

*

திருகும்போது என்ன ஆகிறது? ஆணியைவிடத் துளை சற்றுச் சின்னதாகவே போடப்படும். 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு விசையில் ஆணி எலும்பை உரசிக்கொண்டு இறங்கும். ஓரிரு மைக்ரோமீட்டர் பூச்சு, புரியின் விளிம்பில் அதைத் தாங்க வேண்டும். 1980களில் ஹைட்ராக்ஸிஅபடைட் பூசிய ஆணிகள் பெரும் நம்பிக்கையோடு வந்தன. எலும்பு அவற்றோடு அருமையாக ஒட்டியது. பிறகு சிலவற்றில் பூச்சு உலோகத்தைவிட்டுக் கழன்றது. எலும்பு பூச்சோடு, பூச்சு அநாதையாக, ஆணி தனியாக. அந்தக் கசப்பு மூத்த மருத்துவர்களுக்கு இன்னும் போகவில்லை. புதுப் பூச்சு என்றதும் அவர்கள் புருவம் உயர்வது பிற்போக்குத்தனத்தால் அல்ல.

*

டைட்டானியத்தின் மேல் ஏற்கனவே ஒரு பூச்சு இருக்கிறது, நாம் பூசியதில்லை. காற்றுப் பட்டவுடன் சில நானோமீட்டர் கனத்தில் டைட்டானியம் டை ஆக்ஸைடு தானே உருவாகிவிடும். எலும்பு ஒட்டுவது அதனோடுதான். பற்பசையை வெள்ளையாக்குவதும், சுவருக்கு அடிக்கிற பெயின்டை வெள்ளையாக்குவதும் அதே சேர்மம். மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் கடற்கரைக் கருமணலிலிருந்து பிரிக்கிற இல்மனைட்டே அதற்கு மூலம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவில் அதைச் சேர்க்கத் தடை போட்டது. ஆணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செய்தித்தாளைப் பார்த்துவிட்டு வந்து கேட்பவர்களுக்காக இதைக் குறித்துவைக்கிறேன்.

அந்த ஆக்ஸைடின் மேல் புற ஊதா ஒளி பட்டால் அது கிருமியைக் கொல்லும் வினைத்திறன் பெறும். ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 1972இல் திறந்துவிட்ட கதவு இது. எலும்புக்குள் வெளிச்சம் போகாது என்பதால், வைப்பதற்கு முன் சில நிமிஷம் புற ஊதாப் பெட்டிக்குள் ஆணியை வைத்து எடுக்கும் முறையை லாஸ் ஏஞ்சலீஸில் ஒகாவா வளர்த்தார். அலமாரியில் இருந்த காலத்தில் படிந்த கரிமப் பிசுக்கு போய், பரப்பு மறுபடி ஈரத்தை விரும்பத் தொடங்குகிறது. எலும்பு ஒட்ட உதவும். கழுத்தில் கிருமியோடு வருஷக்கணக்கான சண்டைக்கு உதவாது.

*

ஒரு விஷயத்தை ஆய்வேடுகள் தொடுவதே இல்லை: ஆணியின் உள்ளே. மேலே வைக்கும் செயற்கைப் பல்லைத் தாங்கும் அபட்மென்ட்டைச் சின்னத் திருகால் ஆணிக்குள் பொருத்துகிறோம். அந்த மூட்டில் சில மைக்ரோமீட்டர் சந்து இருக்கும். பாக்டீரியாவின் குறுக்களவு ஒரு மைக்ரோமீட்டர் அளவுதான். மெல்லும்போதெல்லாம் சந்து நுண்ணளவில் திறந்து மூடும். சில வருஷம் கழித்து அந்தத் திருகைக் கழற்றும்போது வருகிற நாற்றம் பல் மருத்துவர் எல்லாருக்கும் தெரியும். முகக் கவசத்தைத் தாண்டி வரும். உதவியாளர் ஒரு அடி பின்னே போவார். வெளியே எந்தப் பூச்சைப் பூசினாலும் இந்தக் கிணறு கழுத்துக்கு நேராகத் திறந்திருக்கிறது.

*

1952இல் ஸ்வீடனின் லுண்டில் பிரேனமார்க் என்ற ஆய்வாளர் முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியத்தால் செய்த நோக்குக் குழாயைப் பதித்தார். வேலை முடிந்ததும் எடுக்கப் பார்த்தால் வரவில்லை. 1965இல் முதல் மனிதருக்கு ஆணிகள் வைத்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும் வரை அவை அவர் தாடையில் வேலை செய்தன. நாற்பது வருஷம். கடைசலில் கடைந்தெடுத்த வெறும் டைட்டானியம். பூச்சு இல்லை, சொரசொரப்புகூட இல்லை.

ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் பூச்சு விற்க வரும் பிரதிநிதியிடம் இந்தக் கதையைச் சொன்னால் பேச்சு சுருங்கும்.

*

பூச்சு யாருக்கு வேண்டும்? சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு, புகைப்பழக்கத்தை விடாதவர்களுக்கு, ஈறு நோயால்தான் சொந்தப் பற்களை இழந்தவர்களுக்கு. பெரும்பாலான ஆய்வுகளில் சேர்க்காமல் ஒதுக்கிவைக்கப்படுபவர்களும் இவர்களே.

*

அந்த அம்மாளின் ஆணியைச் சுற்றித் திறந்து பார்த்தோம். ஈறை விலக்கியதும் முதல் புரியின் அடியில் பழுப்பாக ஒரு சில்லு. பற்காரை என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். சுரண்டினால் விளிம்பு கூராக உடைந்தது: மேலே வைத்த செயற்கைப் பல்லை ஒட்டப் பயன்படுத்திய சிமென்ட், ஈறுக்குக் கீழே வழிந்து அங்கேயே தங்கிவிட்டது. எந்த நானோ பூச்சாக இருந்தாலும் அந்தச் சில்லின் கீழேதான் இருந்திருக்கும்.

*

அடுத்து வருகிற மாணவர் பூச்சில்தான் ஆய்வு என்று அடம்பிடித்தால் என் நிபந்தனைகள்: தட்டை வில்லை வேண்டாம், புரியுள்ள ஆணியே வேண்டும். முதலில் பூச்சு தாங்கும் வழியில் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். பெப்டைட் பூச்சு என்றால் 121 டிகிரி ஆட்டோகிளேவில் அது என்ன ஆகிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். பிறகு பன்றித் தாடையில் 35 விசையில் திருகி, கழற்றி எடுத்து, மிச்சம் இருக்கிற பூச்சில்தான் சோதனை. அதை எச்சிலில் ஊறவைத்து, பிறகு ஒரு கிருமியல்ல, குறைந்தது நான்கைந்து இனங்களைச் சேர்த்து விட வேண்டும். 24 மணி நேரத்தில் எண்ணுவதோடு நிற்காமல் ஒரு வாரம், ஒரு மாதம் கழித்தும் எண்ண வேண்டும். பக்கத்தில் பூச்சே இல்லாத வழவழப்பான கழுத்துள்ள ஆணி ஒன்றும் ஒப்பீட்டுக்கு.

பன்றித் தாடைக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். இறைச்சிக் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் தருவார்கள். ஐஸ் பெட்டியைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.